ஒன்பதாயிரம் லூமன், பத்தடி அறை

வட சென்னையைப் பற்றிய பெரிய படங்களில் ஒன்றை வட சென்னைக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலை 22-ம் தேதி நேராக அமேசான் பிரைமில் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரை மூடினார்கள். முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் ஓடியதும் இந்தப் பக்கத்தில்தான், பின்னாளில் முருகன் தியேட்டர் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரலில். தொண்ணூறு வருஷம் கழித்து, நம்ம ஊர் குத்துச்சண்டைக்காரர்களின் கதையை எனக்குத் தெரிந்த பலர் ஆறு அங்குல போனில் பார்த்து முடித்தார்கள். ஆள் ஆளுக்கு ஒரு இயர்போன், தனித்தனியாக.

அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு அதிகமாகக் காதில் விழுகிறது. "போனஸ் வரட்டும், வீட்லயே தியேட்டர் செட் பண்ணிடலாம்." திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கையில் வருவது முப்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அது வருஷத்துக்கு ஒரு முறை வரும் பணம். ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் எதிரில் வந்து நிற்பது இரண்டு பெட்டிகள்: '9000 லூமன்' என்று எழுதிய ப்ரொஜெக்டர், '1000 வாட்ஸ் 5.1' என்று எழுதிய ஸ்பீக்கர் செட். இந்தப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதை ஒரு கதையை விமர்சிப்பது மாதிரி வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நல்ல புனைவு அது. அளவு மட்டும் கொஞ்சம் மிஞ்சிப் போகிறது.

முதலில் லூமன். ஒரு விளக்கோ கருவியோ மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதற்கான அளவு இது. நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்ப் ஏறக்குறைய 900 லூமன் தரும். அப்போ 9000 லூமன் என்றால் பத்து பல்புகளின் வெளிச்சம் முழுக்க லென்ஸ் வழியாக வந்து ஒரே சுவரில் விழ வேண்டும். 100 அங்குலத் திரையின் பரப்பு 30 சதுர அடிதான். அவ்வளவு வெளிச்சத்தை அதில் கொட்டினால், பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே படம் பார்க்கலாம். இரவில் கண் கூசி எழுந்து போய்விடுவோம். ஆறாயிரம் ரூபாய் ப்ரொஜெக்டர் இரண்டையும் செய்வதில்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

ஒரு நல்ல தியேட்டருக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதற்குத் தரநிலை இருக்கிறது. வெள்ளைத் திரையின் பிரகாசம் 14 அடி-லாம்பர்ட் இருக்க வேண்டும். பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு ரொம்ப சுலபம். சாதாரண வெள்ளைத் திரை என்றால், திரையின் சதுர அடியை 14-ஆல் பெருக்கினால் தேவையான லூமன் வந்துவிடும். 80 அங்குலத் திரை 19 சதுர அடி, அதற்கு சுமார் 270 லூமன். 100 அங்குலத்துக்கு 420. 120 அங்குலத்துக்கு 600. அவ்வளவுதான்! அறை முழு இருட்டாக இருந்தால், உண்மையான 400 லூமன் 100 அங்குலத்துக்கு ஏறக்குறைய தியேட்டர் வெளிச்சம்.

உண்மையான என்று சொன்னேன். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தை அளக்கும் முறை ஆன்சி லூமன். வெள்ளைப் படத்தைத் திரையில் போட்டு, ஒன்பது இடங்களில் அளந்து, சராசரி எடுப்பார்கள். பெட்டியில் இருக்கும் 9000 அதுவல்ல. மலிவான ப்ரொஜெக்டரின் உள்ளே ஒரு பெரிய எல்.இ.டி. விளக்கும், அதன் முன்னால் ஒற்றை எல்.சி.டி. தகடும் இருக்கும். தகட்டின் துருவமாக்கும் படலம் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் தடுத்துவிடும். அதற்கப்புறம் லென்ஸ். கடைசியில் சுவருக்கு வருவது சிறு துளி. பல கம்பெனிகள் உள்ளே இருக்கும் விளக்கின் வெளிச்சத்தைப் பெட்டியில் அச்சடிக்கின்றன, இன்னும் சில அதையும் பார்ப்பதில்லை. கொதிக்கிற தண்ணீரை அளந்து, இறக்கிய டிகாஷன் இவ்வளவு என்று சொல்வது மாதிரி. அமெரிக்காவில் எப்சன் நிறுவனம் இந்த லூமன் கணக்குக்காகவே சில போட்டிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டிருக்கிறது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "ஆன்சி எவ்ளோ?" அந்தச் சொல் பெட்டியில் இல்லையென்றால், எழுதியிருக்கும் மற்ற எண்ணை மறந்துவிடலாம். இன்னொரு வார்த்தை விளையாட்டு '1080பி சப்போர்ட்'. 1080பி படத்தை வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். காட்டுவது 480-ஆகவும் இருக்கலாம். 'நேட்டிவ் 1080பி' என்று இருக்க வேண்டும். உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கு, தனி ஸ்டிக் வேண்டாம் என்பார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வைடுவைன் எல்1 என்கிற பாதுகாப்புச் சான்று இல்லாத பெட்டிகளுக்கு பிரைம், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை எச்.டி. தராது. ப்ரொஜெக்டர் நேட்டிவ் 1080பி-யாக இருந்தும் சார்பட்டா கலங்கலாக ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். தனி ஸ்டிக்குக்கு நாலைந்தாயிரம் ஒதுக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இருட்டு என்று மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் போடாமல் விடத்தான் முடியும். சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்தான் அந்தப் படத்தின் கறுப்பு. தெரு விளக்கு ஜன்னல் வழியாக விழுந்தால் முரளி ஜி.யின் ஒளிப்பதிவில் நிழலாக இருக்க வேண்டிய முகமெல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். ஜன்னலை மூடினாலும் போதாது. நம் வீடுகளில் பிஸ்தா பச்சை, ரோஸ், இளமஞ்சள் பெயின்ட்தான். திரையின் வெளிச்சம் பக்கச் சுவரிலும் கூரையிலும் பட்டு மறுபடி திரைக்கே வரும், தன் படத்தைத் தானே கெடுத்துக்கொள்ளும். திரைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் மூன்றடிக்கு அடர்ந்த நிறத் துணி தொங்கவிட்டால் போதும். ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணி. தையல் கூலியோடு சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடிகிற வேலை. லூமனுக்கு ஐயாயிரம் கூடுதலாகக் கொடுத்து வருகிற மாற்றத்தைவிட இதில் வருவது அதிகம். எந்தப் பெட்டியிலும் இதை எழுத மாட்டார்கள், ஏனென்றால் இது பெட்டிக்குள் வராது.

பகலில் சீரியல், கிரிக்கெட், குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ப்ரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். 43 அங்குல டி.வி. வாங்கி, கீழே சொல்லப்போகிற ஸ்பீக்கரை அதோடு சேருங்கள்.

அடுத்து அறையின் நீளம். ராயபுரம், காசிமேடு பக்கத்தில் பல வீடுகளில் பெரிய அறையே பத்துக்குப் பன்னிரண்டு. ப்ரொஜெக்டர் பத்தடி தூரத்திலிருந்து எவ்வளவு பெரிய படம் போடும் என்பதை த்ரோ ரேஷியோ சொல்லும். 1.35 என்றால், திரையின் அகலத்தைப் போல 1.35 மடங்கு தூரம் வேண்டும். 100 அங்குலத் திரையின் அகலம் ஏழேகால் அடி. பெருக்கினால் கிட்டத்தட்ட பத்தடி. கருவியின் உடம்பு, பின்னால் கேபிள், காற்றுக்கு இடம் எல்லாம் போக, பத்தடிச் சுவர்களுக்கு நடுவில் 80 அங்குலம்தான் நிம்மதியாக வரும். அது ஒன்றும் குறை கிடையாது. சின்னத் திரைக்கு லூமன் குறைவாகப் போதும், எட்டடியில் உட்கார்ந்தால் பார்வையை நன்றாகவே நிரப்பும். '200 அங்குலம் வரை' என்ற வாக்கியம் நமக்கு எழுதப்பட்டதல்ல.

ஒரு சங்கதி எந்த வெளிநாட்டு வீடியோவிலும் வராது: சீலிங் ஃபேன். ப்ரொஜெக்டரைக் கூரையில் மாட்டினால் அறையின் நடுவில் சுற்றுகிற இறக்கை வெளிச்சத்தை வெட்டும், படம் துடிக்கும். மே மாதம் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க முடியுமா? பின்சுவரில் ஃபேனுக்குக் கீழே வருகிற உயரத்தில் ஒரு பலகை அடித்து வையுங்கள். அங்கே காற்றோட்டம் இருக்கட்டும், நிறைய ப்ரொஜெக்டர்கள் 35 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று கையேட்டிலேயே இருக்கும்.

தூசியும் அப்படித்தான், இந்தப் பகுதிக்கென்று தனிக் கணக்கு. ராயபுரத்தில் துணி காயப்போட்டால் கறுப்பாகும் காலம் ஒன்று இருந்தது. 2011-ல் உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது இறக்குவது நின்றது. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, எண்ணூர் வாங்கிக்கொண்டது. அங்கே அனல்மின் நிலையச் சாம்பல், இங்கே இன்னும் கண்டெய்னர் லாரிப் புழுதி. மலிவு ப்ரொஜெக்டர்களில் காற்று நேராக எல்.சி.டி. தகட்டின் மேலேயே வீசும். ஒரு துகள் ஒட்டினால் திரையில் உள்ளங்கை அளவுக்கு மங்கலான திட்டு விழும், இருட்டுக் காட்சிகளில் நன்றாகத் தெரியும். 'சீல்டு ஆப்டிகல் எஞ்சின்', அதாவது தூசி புகாமல் மூடிய ஒளிப்பகுதி, அண்ணா நகரில் ஒரு வசதியாக இருக்கலாம், எண்ணூரில் அது கட்டாயம். லூமன் கொஞ்சம் குறைந்தாலும் மூடியதையே வாங்குங்கள்.

இனி சத்தம். இங்கேதான் எனக்குப் பெட்டிகள் மேல் உண்மையான கோபம்.

முன்பு டேப் ரெக்கார்டர் காலத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஒரு எண் போடுவார்கள். எந்தத் தரநிலைக்கும் கட்டுப்படாத எண் அது. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-லேயே ஆம்ப்ளிஃபையர் விற்பவர்களைத் தொடர்ச்சியாகத் தரக்கூடிய சக்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. நம் பெட்டிகளுக்கு அந்தக் கவலை வரவில்லை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. செட்டின் பின்பக்கம் ஸ்டிக்கரில் 230 வோல்ட், எத்தனை வாட் என்று இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கிற பெட்டி தொடர்ந்து 1000 வாட் வெளியே தர முடியாது. மின்வாரியமே இனாமாகக் கொடுத்தால்தான் உண்டு.

சரி, வாட் அதிகமானால் சத்தம் அதிகமா? ரொம்பக் கொஞ்சம். வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல் ஏறும். காது கூர்ந்து கவனித்தால்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க பத்து மடங்கு வாட் வேண்டும். பத்தடி அறைக்கு நல்ல ஸ்பீக்கரோடு 20, 30 உண்மையான வாட் தாராளம்.

அப்படியிருக்க 5.1 எதற்கு? தியேட்டர் ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, கூட்டமும் சூழலும் பக்கங்களிலிருந்தும் பின்னாலிருந்தும். யோசனையாக அது சரிதான். பத்தாயிரம் ரூபாயை ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஒரு ஆம்ப் என்று பங்கு போட்டால் ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். நடு ஸ்பீக்கர் என்ற பெயரில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா. மனுஷக் குரலின் அடிப்பகுதியை அதனால் தர முடியாது, அந்த வேலையை சப்வூஃபரிடம் தள்ளிவிடும். ரங்கன் வாத்தியாராக பசுபதி பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். குரலை உயர்த்தாமல், வார்த்தையைக் கடித்துப் பேசுகிற ஆள். சுற்றிலும் கூட்டம் கத்துகிறது. டப்பா செட்டில் கூட்டத்தின் இரைச்சல் ஐந்து பக்கமும் அள்ளிக்கொண்டு வரும், வாத்தியார் சொன்னது மட்டும் வராது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்த குத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். கடைசியில் நம்ம ஊர்ப் பேச்சுக்கு நாமே சப்டைட்டில் போட்டுப் பார்ப்போம். இந்தப் படத்தை விமர்சித்து எழுதியவர்களில் சிலர் வசனம் புரியவில்லை என்றபோது, அவர்கள் எதில் கேட்டார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

அதே பத்தாயிரத்துக்கு ஆம்ப் உள்ளேயே இருக்கிற இரண்டு நல்ல ஸ்பீக்கர், ஐந்து அங்குலக் கூம்பும் தனி ட்வீட்டரும் மரப்பெட்டியும் கொண்டவை, கிடைக்கும். ஸ்டிக்கில் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றினால் நடு சேனலின் வசனத்தை இரண்டு ஸ்பீக்கருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் குரல் திரையின் மத்தியிலிருந்தே வருவதாகக் காது நம்பும். பின்னாலிருந்து வருகிற கைதட்டல் போய்விடும், நிஜம்தான். வசனத்தைக் கொடுத்துக் கைதட்டலை வாங்குவது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை. ப்ரொஜெக்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் போட்டால் போதும். ப்ளூடூத் வேண்டாம், ஒலி பிந்தி வரும், டான்சிங் ரோஸ் குத்தி முடித்து நகர்ந்த பிறகு குத்து கேட்கும்.

ஸ்பீக்கரைப் பரணிலோ பீரோ மேலேயோ ஏற்றாதீர்கள். வெளிநாட்டுக் குறிப்புகள் சோஃபாவில் உட்காருகிறவருக்கு எழுதியவை. நாம் பாய் விரித்துத் தரையில் உட்காருகிறோம், காது தரையிலிருந்து இரண்டரை, மூன்றடியில் இருக்கிறது. ட்வீட்டர் அந்த உயரத்துக்கு வர ஒரு ஸ்டூல் போதும். திரையையும் அதே கணக்கில் இறக்குங்கள், கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டடி. கழுத்து வலிக்காது.

சப்வூஃபர் விஷயம் தனி. சதுர அறைக்கு ஒரு சாபம் உண்டு. இரண்டு சுவர்களுக்கு நடுவில் பத்தடி என்றால் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி அலை சுவர்களுக்கு இடையே சிக்கிக்கொண்டு நிற்கும். அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி என்றால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். எந்தக் குத்து விழுந்தாலும் 'ஊம்ம்' என்று ஒரே சுருதியில் அறை முனகும். சப்பை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை, எதுவும் உறிஞ்சாது. கூடவே இரும்பு பீரோவின் கதவும் பாத்திர அலமாரியும் பின்னணி இசை கொடுக்கும், சந்தோஷ் நாராயணனுக்குத் தெரியாமல். ஐந்து அங்குல ஸ்பீக்கர் தருகிற பேஸே இந்த அறைக்குப் போதும், சுவரே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பின் மூலையில் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், எதிரொலி குறைந்து பேச்சு தெளிவது தெரியும். முனகலை மெத்தை பெரிதாக அடக்காது. அதற்கு உட்காரும் இடத்தை ஒன்றிரண்டு அடி மாற்றிப் பாருங்கள். இரண்டும் செலவில்லாதவை.

சப் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பேச்சு சுவரைத் தாண்டாது, பேஸ் தாண்டும். லைன் வீடுகளிலும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் ஒரே சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார், காசிமேட்டுக்குப் போகிறவர் நடுராத்திரிக்கு மேல் எழுந்திருப்பார். இந்த ஊரில் எல்லோரும் விழித்திருக்கிற நேரம் என்று ஒன்றே இல்லை.

முப்பதாயிரத்தை நான் பிரிப்பதாக இருந்தால் இப்படி: ஒளிப்பகுதி மூடிய, நேட்டிவ் 1080பி, ஆன்சி முந்நூறுக்குக் குறையாத ப்ரொஜெக்டருக்குப் பதிமூன்று, ஸ்பீக்கருக்குப் பத்து, ஸ்டிக்குக்கு நாலு, துணிக்கும் கேபிளுக்கும் மிச்சம் மூன்று. விலை ஏறி இறங்கும், விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடையில் ப்ரொஜெக்டர் காட்டினால் விளக்கை அணைத்து, கார்ட்டூன் டெமோவை நிறுத்தி, ஒரு இருட்டுக் காட்சி போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்கு டான்சிங் ரோஸ் சண்டையைப் போட்டு, வால்யூமைப் பாதிக்குக் குறைத்து, வாத்தியார் குரல் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு சின்ன வேலை. ஸ்பீக்கர் வயரில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய வருகிறது. உப்புக் காற்றில் அது சீக்கிரம் பூத்துப்போகும், இணைப்பு விட்டு விட்டு வரும். கடைக்காரரிடம் ஒரு இழையை வாங்கிப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.